மருந்து வைத்தவள்

வல்லம்
23.2.2025

சந்தனமாரிக்கு,

நலமா என்று விசாரிக்கும் உறவு உனக்கும் எனக்கும் வியாழக்கிழமையோடு தீர்ந்தது. அதனால் கேட்க வந்ததை நேராகக் கேட்டுவிடுகிறேன்.

என் இளைய மகன் ஜீவானந்தத்துக்கு என்ன மருந்து வைத்தாய்? எதில் வைத்தாய்? கருவாட்டுக் குழம்பிலா, உன் ஊரிலிருந்து வந்த கருப்பட்டியிலா? அதை உன் கையில் கொடுத்தவன் யார்?

புருஷனைச் சொன்னபடி ஆட்டிவைக்கச் சோற்றில் மருந்து வைக்கிறவர்களைப் பற்றி நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும். கண் மஞ்சளாகும், சோறு இறங்காது. ஆறு வருஷத்துக்கு முன் அவன் உன்னைக் கோயிலில் தாலி கட்டி அழைத்து வந்தபோதே, "தெக்கத்திப் பொண்ணு மருந்து வெச்சு மயக்கிட்டாடி" என்று தெருவே சொன்னது. அப்போது அந்த வாய்களை எல்லாம் அடைத்தவள் நான். இப்போது அதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சொல்லவில்லை. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எழிலரசி சொன்னதைச் சொல்கிறேன். நீ கீழே அவன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தாய். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு வந்திருக்கறது கிருமியால வந்த காமாலை இல்லைம்மா. மருந்துதான் காரணம். மருந்து உள்ளே போயிருக்கு. யார் கொடுத்தாங்க, எப்போ கொடுத்தாங்கன்னு வீட்ல நல்லா விசாரிச்சுட்டு வாங்க" என்றது. படித்த டாக்டரே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆட்டோவில் நீ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். துடைப்பக்கட்டை முறிந்ததும் கையால் அடித்தேன். உன் காது கிழிந்தது நான் தோட்டைப் பிடித்து இழுத்ததால். பல் போனது என் மூத்தவன் பரசுராமன் உதைத்ததால். ஜீவா எழுந்து வந்து தடுக்கப் பார்த்து வாசற்படியில் விழுந்தானே, அந்த ஒன்றுக்குத்தான் எனக்கு வருத்தம்.

மறுநாள் உன் அண்ணன் இசக்கிதுரை நியாயம் கேட்கிறேன் என்று தெருவில் வந்து நின்றான். பரசுராமன் கம்பெனி வேனிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. போலீஸ் வந்து கேட்டபோது பைக்கிலிருந்து விழுந்தான் என்று சொன்னது நான்தான். நாளைக்கும் அதையே சொல்வேன்.

போன் செய்யாதே. நீ பேச்சைப் பதிவு செய்வாய் என்று பரசுராமன் உன் நம்பரை அடைத்துவிட்டான். ஜீவாவின் போனையும் உடைத்தாயிற்று. நான் அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. எழுதியதைப் படிப்பேன். வைத்த மருந்தின் பெயரை எழுது, எடுக்கிற வழியைப் பார்க்கிறேன்.

பேத்தி சுபஸ்ரீயை நீ உன் அண்ணன் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நாலு வயதில் நூறு வரை பிசகாமல் எண்ணுகிற பிள்ளை. அந்த மூளை எங்கள் வீட்டு மூளை. நினைவில் வைத்துக்கொள்.

அம்சவல்லி

*

இருங்காட்டுக்கோட்டை
27.2.2025

அத்தைக்கு,

வாய்க்குள் நாலு தையல் இருக்கிறது. பேச முடியாது. எழுதுவதற்கு வாய் தேவையில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட மருந்தின் பெயர் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை நான் வைக்கவில்லை. சோற்றிலும் வைக்கவில்லை, குழம்பிலும் வைக்கவில்லை. அது மாத்திரை.

வெள்ளிக்கிழமை வீங்கிய முகத்தோடு அந்த டாக்டரம்மாவிடமே போனேன். என்னைப் பார்த்ததும் யார் அடித்தது என்றுதான் முதலில் கேட்டார்கள். "நீங்க சொன்னதக் கேட்டுத்தாம் அடிச்சாவ டாக்டர்" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து என்றால் எங்கள் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் இன்னோர் அர்த்தம் உண்டு என்று நான் விளக்கிச் சொன்னதும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன மருந்து, கடையில் விற்கிற மருந்து. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கிற மருந்து.

நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு மறுவாரம் கம்பெனி பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்தும் மெஷினில், உங்கள் மகன் விரலை வெட்டிக்கொண்டு வந்தார். சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு கிளினிக்கில் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. மாத்திரையும் தீர்ந்துவிட்டது. இருபது நாள் கழித்துத்தான் கண் மஞ்சளானது. அதனால் நாம் யாரும் அந்த மாத்திரையை நினைக்கவில்லை. அன்றைக்கு யார் சமைத்தது என்று பார்த்தீர்கள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம உடம்புக்குள்ள காவல்காரங்க மாதிரி ஒரு கூட்டம் இருக்கும்மா. எதிர்ப்புச் சக்தின்னு சொல்றோமே, அதுதான். கிருமி வந்தா அடிச்சுத் துரத்தறது அவங்க வேலை. இந்த மாத்திரை கல்லீரல்ல போய் உடையறப்போ அதோட துணுக்கு கல்லீரல் மேலேயே ஒட்டிக்குது. காவல்காரங்க அதைப் பார்த்துட்டு, வீட்டு ஆளையே திருடன்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சுடறாங்க. ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டா யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். மத்தவங்களுக்கு அது நல்ல மாத்திரை."

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் வீட்டு ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இன்னும் ஒன்று சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. "அந்தக் காவல்காரங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. மாத்திரையை நிறுத்திட்டதால இப்போ தானாவே சரியாகிடும். ஆனா மறுபடியும் அதே மாத்திரை உள்ளே போனா யோசிக்க மாட்டாங்க. உடனே அடிப்பாங்க. ஆள் பிழைக்கறது கஷ்டம்."

மாத்திரையின் பெயர் அமாக்சிசிலின் கிளாவுலனேட். தனிச் சீட்டில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி இதோடு குத்தியிருக்கிறேன். கடையில் பல பெயரில் விற்பார்கள். மேலே இருக்கும் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். அடியில் பொடி எழுத்தில் இந்தப் பெயர் இருந்தால் அதை அவர் வாயருகே கொண்டுபோக விடாதீர்கள்.

என்னைத் திட்டுங்கள். அண்ணன் கை எலும்புக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள், கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வையுங்கள்.

சந்தனமாரி

*

வல்லம்
6.4.2025

சந்தனமாரிக்கு,

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ தோற்றதை நீ தெரிந்துகொள்ளாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நீ அனுப்பிய சீட்டை இடுக்கியால் பிடித்து அடுப்பில் போட்டேன். உன் கை பட்ட காகிதம். அதில் என்ன தடவி அனுப்பினாயோ! கடிதத்தைக்கூட மஞ்சள் நீர் தெளித்துவிட்டுத்தான் படித்தேன். டாக்டர் பெயரைச் சொல்லி நீயே ஒரு கதை கட்டி எழுதியிருக்கிறாய். காவல்காரனாம், துணுக்காம். பேஷ்! இவ்வளவு கெட்டிக்காரி என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் இரண்டு கூடப் போட்டிருப்பேன்.

சுங்குவார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மருந்து எடுக்கிறவர் இருக்கிறார். மார்ச் முதல் வாரத்தில் ஜீவாவை அங்கே கொண்டுபோனோம். புங்கமரத்தில் வேட்டியால் கட்டினார்கள். இரண்டு சொம்பு பச்சைச் சாறு. குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான், பரசுராமன் மூக்கைப் பிடித்தான். பிறகு அந்தப் பெரியவர் முழங்காலை வயிற்றில் வைத்து அழுத்தினார். "யம்மா, வுடச் சொல்லும்மா, செத்துடுவேன்" என்று கத்தினான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வெளியே வந்தது பார், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை, முடி சுற்றியது! அது உன் முடி. நீளத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு வாரம் மஞ்சள் இறங்கியது. மார்ச் கடைசியில் ஷிப்டுக்கே போய்விட்டான். ஓடி வந்து பார்க்கலாம் என்று நினைக்காதே. நீ பிள்ளையோடு உன் ஊர் திசையன்விளைக்கே போய்விட்டாய், இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறான்.

கடவாய்ப்பல் வீங்கி முகம் ஒருபக்கம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் நான் யாரையும் தேடி ஓடவில்லை. விரல் வெட்டுப்பட்டபோது எழுதிக் கொடுத்த பழைய சீட்டு அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அப்போது ஐந்தே நாளில் புண் ஆறியதே! அதைக் கொடுத்துப் பரசுராமனை அதே மாத்திரையை வாங்கிவரச் சொன்னேன். சனிக்கிழமையிலிருந்து காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. தாய்க்குத் தெரியும் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று.

சுபஸ்ரீயைப் பள்ளியில் சேர்க்கும்போது எங்கள் வீட்டு இனிஷியல் போடு. மறந்துவிடாதே.

அம்சவல்லி

*

வல்லம் துணைச் சுகாதார நிலையம்
9.4.2025, புதன் காலை

அத்தை,

இதைக் கொண்டுவருகிறவர் உங்கள் ஊர் நர்ஸ் கலைமதி. இவரையாவது உள்ளே விடுங்கள். படித்து முடிக்கும்வரை உங்கள் மகனுக்கு எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. கடைசிப் பத்தியைப் படித்ததும் ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்தேன். உங்கள் தெருமுனையில் பரசுராமன் வேனைக் குறுக்கே போட்டு மறித்தான். "மாத்திரய நிறுத்தச் சொல்லுங்க, அவுக செத்துப்போவாக" என்று கத்தினேன். "இன்னாடி, இன்னொரு வாட்டி வெக்க வந்தியா?" என்று முடியைப் பிடித்துக் கீழே தள்ளினான். கையில் வைத்திருந்த சீட்டை உருட்டி என் வாயிலேயே திணித்தான். ஆறின தையல் மறுபடி பிரிந்தது. தெருவே நின்று பார்த்தது. நீங்கள் ஜன்னலில் நின்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள்.

108க்கு நான்தான் போன் செய்தேன். வண்டி வந்ததாம். "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று திருப்பி அனுப்பினீர்களாம்.

உங்கள் கையில் இப்போது இருப்பது அந்த மாத்திரைதான் அத்தை. அதே சீட்டு, அதே மாத்திரை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னை நம்ப வேண்டாம். அட்டையை எடுங்கள். அடியில் பொடியாக இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை, நான் இந்தத் தாளின் கடைசியில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். படிக்க வேண்டாம். கோலத்துக்குப் புள்ளி சரிபார்ப்பதுபோல வடிவத்தை மட்டும் பாருங்கள்.

காய்ச்சல் இருக்கிறதா? வாந்தி எடுக்கிறாரா? சொறிகிறாரா? அப்படியானால் காவல்காரர்கள் ஏற்கெனவே உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இந்தக் கட்டடத்து வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு தடவை உதை வாங்கவும் தயார். அவரை வெளியே கொண்டுவாருங்கள்.

மாரி

*

பெரியாஸ்பத்திரி, சென்னை
14.4.2025

மாரிக்கு,

வருஷப்பிறப்பு அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீவாவோடு லைனில் வேலை செய்கிற கோதண்டராமன் இதை உன் ரூமில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனிலிருந்தே உன்னோடு பேசச் சொன்னார். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது.

புதன்கிழமை உன்னை ஆம்புலன்சில் ஏற விடாமல் நான்தான் தள்ளினேன். கதவை மூடும்போது உன் கைவிரல் நசுங்கியது. அது தெரிந்தேதான் செய்தேன். மூன்றாம் மனுஷி முன்னால் நீ சொன்னது சரியாகிவிட்டதே என்கிற ஆத்திரம். வேறு காரணம் இல்லை. ஆஸ்பத்திரியிலும் உன்னை வார்டுக்குள் விடக் கூடாது என்று வாசலில் சொல்லிவைத்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். திங்கட்கிழமையே அவனுக்குக் காய்ச்சல், வாந்தி. மிச்சம் இருந்த உன் மருந்து வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை நீ தெருவில் கிடந்தபோது அவன் உள்ளே தோலைப் பிய்த்துச் சொறிந்துகொண்டிருந்தான். அன்று சாயந்திரம் மாத்திரை வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டான். நான் தாடையை அழுத்தித் திறந்து உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதோடு எட்டு. எட்டும் என் கையால்.

கலைமதி வந்தபோது ஒன்பதாவதை உரித்துக்கொண்டிருந்தேன். உன் தாளையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றாவது மாறாதா என்று பார்த்தேன். பதினொன்று வரை எண்ணினேன். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. பரசுராமன், "அவ எழுதினத வெச்சிக்கினு இன்னாத்த பாக்குற? தூக்கிப் போடு" என்று தாளைப் பிடுங்கினான். இட்லிக் குண்டான் மூடியால் அவன் மண்டையில் அடித்தேன். அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் அடி. அதற்குள் ஜீவா கட்டிலிலேயே மூத்திரம் போனான். அது காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் கலைமதி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

டாக்டர் எழிலரசி என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மொத தடவை அந்தக் காவல்காரங்களுக்கு ஆளை அடையாளம் பிடிக்க இருபது நாளுக்கு மேல ஆச்சும்மா. இப்போ ரெண்டே நாள். வாசல்லயே வெச்சு வெட்டிட்டாங்க" என்றார்கள். நான், "மருந்துன்னு நீங்கதானம்மா சொன்னீங்கோ?" என்று கேட்டேன். அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்கள். "மாத்திரைன்னு சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தைக்கு நானும் பொறுப்பு" என்றார்கள். அத்தனை பெரிய டாக்டர் அப்படிச் சொல்கிறார்கள். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு புரளவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவனுக்கு ஆள் தெரியவில்லை. கல்லீரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறுகிறதாம். தண்ணீர் கொடுக்கப் போன என்னை முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து புடவை முழுக்க ரத்தம். நர்ஸ் கையைக் கடித்துவிட்டான். இப்போது கைகாலைக் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்துகிறான். நடுவில் நடுவில் உன் பெயரையும் பிள்ளை பெயரையும் சொல்கிறான். என்னைப் பார்த்து, "இந்தப் பொம்பளைய வெளிய அனுப்புங்க, வாயில கைய வுடுவா" என்கிறான். என்னை அம்மா என்று தெரியாமல் சொல்கிறானா, தெரிந்தே சொல்கிறானா என்று யாரைக் கேட்பது?

காவல்காரர்களை அடக்க ஓர் ஊசி போட வேண்டுமாம். அடக்கினால் கல்லீரல் தப்பலாம். ஆனால் அந்த நேரத்தில் சாதாரணக் கிருமி வந்தால்கூடத் தடுக்க ஆள் இருக்காது. இரண்டுக்கும் துணிந்து கையெழுத்துப் போட வேண்டும். பெண்டாட்டி எங்கே என்று கேட்கிறார்கள். நானே போடுகிறேன் என்று பேனாவை வாங்கினேன். கை நகரவில்லை. அவன் உடம்புக்குள் இன்னொன்றை அனுப்ப எனக்கு இனி உரிமை இல்லை.

வா என்று கூப்பிடுகிற முகம் எனக்கு இல்லை. பேனா இருக்கிறது. வா.

அம்சவல்லி

*

இருங்காட்டுக்கோட்டை
18.5.2025

அத்தைக்கு,

அவரை டிஸ்சார்ஜ் செய்து என் ரூமுக்குக் கூட்டிவந்து நாலு நாள் ஆகிறது. கையில் குச்சியை ஊன்றி கக்கூஸ் வரை போகிறார். பதினெட்டு கிலோ குறைந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்ட அந்த ஊசியும் அதோடு சேர்ந்த மாத்திரையும் இன்னும் ஓடுகின்றன, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். பிழைத்துவிட்டார். இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வார்டில் ஒரு மாதம் இருந்தோம். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நீங்கள் கதவுக்கு வெளியே. நீங்கள் எனக்காக வாங்கிவைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டுவதைத் தினமும் பார்த்தேன். குடித்தால் மன்னித்ததாகிவிடும். அதனால் குடிக்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை பரசுராமன் இங்கே வந்தான். நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுவாள். "தம்பிய மயக்கித் தூக்கிக்கினு வந்துட்டியா? மொத்தமா வெட்டிப் போட்டுடறேன் வா" என்று கதவைக் கொத்தினான். தகரக் கதவு மூன்று இடத்தில் பிளந்தது. அண்ணன் ஒற்றைக் கையால் உள்ளிருந்து முட்டுக் கொடுத்தான். அவர் எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தார். அடுத்த ரூம் பையன்கள் எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். சட்டியும் கம்பியுமாக வந்து சேர்ந்ததும் ஓடிவிட்டான். சுபஸ்ரீ கட்டிலுக்கு அடியில் இருந்தாள். இப்போதெல்லாம் நாய் குரைத்தால்கூட அங்கேதான் போகிறாள்.

உங்கள் மகன் உங்களைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நேற்றுதான், "எங்கம்மா வரட்டும், ஆனா அது கையால ஒரு சொட்டுத் தண்ணி எனக்கு வேணாம்" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் யோசித்தேன். நீங்கள் வரலாம். ஆனால் அதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். என் அண்ணன் பைக்கிலிருந்து விழவில்லை என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். என் பல்லுக்கும் காதுக்கும் சேர்த்து எழுதுங்கள். அது முடிந்த பிறகு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

வெறுங்கையோடு வாருங்கள். பழம் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், கோயில் விபூதிகூட வேண்டாம். நோயாளி வீட்டுக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் வெறுங்கையோடு போவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் கையிலிருந்து எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

சந்தனமாரி

*

வல்லம்
29.5.2025

மாரிக்கு,

உன் கடிதத்தை மஞ்சள் நீர் தெளிக்காமல் படித்தேன்.

ஸ்டேஷனுக்குத் திங்கட்கிழமை போனேன். ரைட்டராக இருக்கும் பெண் போலீஸ், "பாட்டி, நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன், கைநாட்டு வெச்சா போதும்" என்றாள். "நான் அந்தக் காலத்து அஞ்சாவதும்மா, பேப்பரக் குடு" என்றேன். ஒன்றரை மணி நேரம் எழுதினேன். உன்னை நானும் அடித்ததை முதலில் எழுதினேன், அதற்குக் கீழேதான் பரசுராமன் பெயரை எழுதினேன். ஜாக்கிக் கம்பியை எழுதினேன். நான் சொன்ன பொய்யை எழுதினேன். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "உன் மேலயும் கேஸ் வருமே பாட்டி" என்றாள். வரட்டும் என்றேன்.

கூப்பிட்டு விசாரிப்பதற்குள் பரசுராமனுக்குச் செய்தி போய்விட்டது. வீட்டுக்கு வந்து டிவியை உடைத்தான். பிறகு என்னைச் சுவரோடு அடித்தான். "ஒரு புள்ளைக்கு மருந்து குடுத்த, இன்னொரு புள்ளைக்கு வெலங்கு குடுக்கறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். இடது தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. உன் அண்ணனுக்குக் கட்டிய கட்டு எப்படி வலிக்கும் என்று இப்போது தெரிகிறது. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. புதன்கிழமை காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேனில் ஏறும்போது என் பக்கம் திரும்பித் துப்பினான். அவனும் நான் பெற்றதுதான். இதற்கு மேல் அவனைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

தெருவில் இன்னும், "தெக்கத்திக்காரி மாமியாளுக்கும் சேத்து மருந்து வெச்சுட்டாடி, அதான் பெத்த புள்ளையவே புடிச்சுக் குடுத்துட்டா" என்று பேசுகிறார்கள். குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மருந்து வெச்சது நாந்தான்டி, எட்டு மாத்திரை, எண்ணிக்கோ" என்றேன். நம்பினார்களா என்று தெரியாது. இவர்களும் சீக்கிரம் மறக்கிற கூட்டம் இல்லை. நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் வருகிறேன். நீ சொன்னபடி பூகூட வாங்கவில்லை. தண்ணீர்ப் பாட்டில்கூட எடுத்து வரமாட்டேன், தாகம் எடுத்தால் வழியில் குடித்துவிட்டு வருவேன். உள்ளே கூப்பிட வேண்டாம். பிளந்த கதவுக்கு வெளியே நிற்கிறேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும் பரவாயில்லை. முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஒன்றுதான் பயமாக இருக்கிறது. சுபஸ்ரீக்கு என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் மூடின கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. இந்தத் தடவை பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஏன் ஆயா என்று கேட்பாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுதி அனுப்பு. அதை அப்படியே சொல்கிறேன்.

அம்சவல்லி